இடது முன் சக்கரத்தில் ஒரு கீச்சு

கடலூர் முதுநகரில் சாதிக் பாய் ஷெட். எங்கள் கார் ஜாக்கி மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இடது முன் சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். சேறும் கிரீஸும் அப்பிய இரும்புக் கைகள் வெளியே தெரிந்தன. ஷெட் ஆள் ஒருவர் நீளக் கம்பியைக் கொடுத்து அந்தக் கையை மேலும் கீழும் நெம்பிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு நெம்புக்கும் ‘கீச்’ என்று ஒரு சத்தம். மெல்லிசுதான், ஆனால் பல் கூசும். நான் பத்தடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெளிவாகக் கேட்டது.

சாதிக் பாய் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை அந்த இடத்தில் ஊன்றி, பிடியைத் தன் காதோடு அழுத்திக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பாரே, அந்த மாதிரி. முகம் மலர்ந்துவிட்டது.

“சிக்கிட்டான் சார். இங்கதான் உக்காந்திருக்கான். வாங்க, நீங்களே கேளுங்க.”

என் வீட்டுக்காரர் பேன்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். பிடியைக் காதில் வைத்தார். ஷெட் ஆள் நெம்பினார். கீச். கீச். கீச்.

“கேக்குதா சார்?”

அவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். முதலில் அந்த ஷெட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர், “நடுவுல ஆரம்பிச்சி நடுவுலயே முடிச்சிடுறீங்க மேடம்” என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருக்காகவாவது இந்த முறை ஒழுங்காக வருகிறேன்.

வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். நான் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் சுருக்கெழுத்தர் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஒரே மகள். நிவேதா. சிதம்பரத்தில் கல்லூரி, ஹாஸ்டலில் இருக்கிறாள்.

அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று, வீட்டில் அழுதது நான் இல்லை. மாஸ்டர்தான். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தார். மறு வாரமே ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சிதம்பரம். மகளை ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் கடலூர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விடுவது. கோர்ட் சீக்கிரம் முடிந்தால் நானும் போவேன்.

பஸ்ஸில் வந்தால் ஆகாதா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆகும்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸுக்கா பஞ்சம்? ஆனால் மாஸ்டருக்கு வாரம் என்பதே வெள்ளிக்கிழமைதான். வியாழக்கிழமை சாயங்காலமே வாளியும் துணியுமாகக் காரைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

நிவி முன் சீட்டில் உட்கார மாட்டாள். சின்ன வயதிலிருந்தே பின் சீட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்கு வண்டி ஏறின மாதிரி இருக்கும். அங்கிருந்துகொண்டு மெல்லப் பேசிக்கொண்டே வருவாள். அவள் குரலே அப்படி. மாஸ்டருக்கும் எனக்கும் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு குரல் எங்கிருந்து வந்ததோ!

ரெண்டு சத்தம்

மழைக்காலம் முடிந்த கையோடு அது ஆரம்பித்தது. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கும்போது நிவி சொன்னாள்.

“அப்பா, முன்னாடி எங்கயோ கீச்சுனு வருதுப்பா.”

“ம்.”

அடுத்த வேகத்தடையில் எனக்கும் கேட்டது. “என்னங்க, புள்ள சொல்றா இல்ல?”

“என்னா சொல்றா?”

“முன் சக்கரத்துல சத்தமாம்.”

“ஓ, அதுவா. எனக்கும் கேக்குது. ஊ...னு ஒண்ணு. அறுவதுக்கு மேல போனா ஜாஸ்தியாவுது. பாக்கணும்.”

நாங்கள் சொன்னது கீச். அவர் சொன்னது ஊ. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் என்று ஒப்புக்கொண்டாரே, அதுவே பெரிது என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஊரே வைத்தியராகிவிடும் இல்லையா? காருக்குச் சத்தம் என்றாலும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரர் டயரில் காற்று ஜாஸ்தி என்றார். எதிர் வீட்டம்மா, வண்டிக்குத் திருஷ்டி, அமாவாசையில் பூசணிக்காய் உடைத்தால் போய்விடும் என்றார். மங்கலம்பேட்டையிலிருந்து என் தம்பி செல்வம் போனிலேயே வண்டி பார்த்தான்.

“மாமா, ஸ்பீக்கர் போட்டு வண்டிய எடுங்க, நான் கேட்டுச் சொல்றேன்.”

“மச்சான், ஒன் டிராக்டருக்கே ஒனக்கு வைத்தியம் தெரியாது. போன வெய்யி.”

அவருடைய காதைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் எங்களிடம் ஒரு மொபெட் இருந்தது. அது நோய்வாய்ப்பட்ட மொபெட். ஓட்டிக்கொண்டே, “செயின் தளர்ந்துருக்கு”, “சைலன்சர்ல ஒரு நட்டு காணும்” என்று சொல்வார். நிறுத்திப் பார்த்தால் அப்படியே இருக்கும். மைதானத்தில் கடைசி வரிசையில் ஒரு பையன் கிசுகிசுத்தால் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட காது அது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

யாரைக் கேட்பார்கள்

சாதிக் பாய்க்குச் சொந்த ஊர் லால்பேட்டை. ரொம்ப வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து முதுநகரில் ஷெட் போட்டவர். நல்ல மனிதர். வாய் ஜாஸ்தி. போனதும் எனக்கு நாற்காலி போட்டு, துணியால் துடைத்து, “ஒக்காருங்க மேடம், டீ சொல்றேன்” என்றார். அதோடு என் கதை முடிந்தது.

வண்டி ரிப்பேர் ஷெட்டில் நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு என்ன என்று ஓட்டுகிறவரைத்தான் கேட்பார்கள். கூட வந்த பெண்பிள்ளைக்கு நாற்காலியும் டீயும். மரியாதையில் ஒரு குறை வைக்க மாட்டார்கள், வாயை மட்டும் திறக்க விட மாட்டார்கள். “சத்தம் எப்டி சார் வருது?” என்று பாய் கேட்டார். “ஊ...னு வருது பாய்” என்றார் இவர். நான் நாற்காலியிலிருந்து, “கீச்சுனும் வருதுங்க” என்றேன். “பாத்துடலாம் மேடம், டீ ஆறுது பாருங்க” என்றார் பாய்.

சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிவிட்டு, பேரிங் போய்விட்டது என்று கண்டுபிடித்தார்கள். அது உண்மைதான். பழைய பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி சத்தம் வந்தது. புதிது போட்டார்கள். வெளியே வந்ததும் மாஸ்டர் பைபாஸில் ஒரு ஓட்டு ஓட்டினார்.

“பாத்தியா அரசி! ஒரு சத்தம் இருக்குதா? வெண்ணெய் மாதிரி போவுது.”

ஊ போய்விட்டது, வாஸ்தவம். வீட்டுத் தெரு முனையில் வேகத்தடை வந்தது. கீச்.

“இந்தா, இப்ப வந்துச்சு பாருங்க.”

“எங்க வந்துச்சு?”

“இப்பதாங்க, ஏறும்போது!”

“ஒனக்குக் காது ஜாஸ்தி. கோர்ட்டுல ஜட்ஜய்யா முணுமுணுக்குறதெல்லாம் கேட்டுக் கேட்டு, இல்லாததும் கேக்குது.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். வாயில் வெற்றிலை மென்றுகொண்டு சாட்சி சொன்னவர்களின் பேச்சைக்கூட ஒரு வார்த்தை விடாமல் எடுத்தவள். என்னிடமே இல்லாத சத்தம் என்றால்? அன்று ராத்திரி சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு நான் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். இவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, ரெண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

“இனிமே வாராவாரம் வரல”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிவி கிளம்பும்போது என்னிடம் சமையலறையில் சொன்னாள்.

“அம்மா, நான் இனிமே வாராவாரம் வரல. அந்தச் சத்தம் கேட்டா பயமா இருக்குது. அப்பாகிட்ட எத்தினி வாட்டி சொல்றது? ஒண்ணும் இல்லங்கறாரு.”

“அப்ப பஸ்ல வாடி.”

“பஸ்ல வந்தா அவரு மொகம் தொங்கிடும். அதெல்லாம் வேணாம். சத்தம் போவட்டும், அப்பறம் பாக்கலாம்.”

நான் அதை அவரிடம் சொன்னபோது கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “அப்படியா சொன்னா?” என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சிதம்பரம் போகவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் போகவில்லை. ஆனால் வியாழக்கிழமை காரைக் கழுவினார். கழுவிய காரை அப்படியே நிறுத்திவிட்டுத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. வீம்பு பிடித்த மனிதர், மகள் வராவிட்டாலும் பரவாயில்லை, சத்தம் இல்லை என்று சாதிப்பாராக்கும் என்று உள்ளுக்குள் திட்டினேன்.

சாதித்தார். ஒருநாள் தனியாகப் போய்ச் சாதிக் பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு பைபாஸில் ஓட்டிக் காட்டியிருக்கிறார். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, புது ரோட்டில் ஓட்டினால் எந்தச் சத்தம் கேட்கும்? பாய் எனக்குப் போன் போட்டார்.

“மேடம், சுத்தமா ஒண்ணும் இல்ல. வண்டி கல்லு மாதிரி இருக்குது. மனசுல ஒரு பயம் வந்துட்டா அப்பிடித்தான் கேட்டுகிட்டே இருக்கும்.”

மனசாம்! நான் அரை நாள் லீவு போட்டேன். மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பாய் நாற்காலியைத் துடைக்கப் போனார்.

“நாற்காலி அப்பறம். நீங்க முன்னாடி ஏறுங்க பாய். ஏசி வேணாம். கண்ணாடிய எறக்குங்க. என்னங்க, நீங்க வண்டிய எடுங்க. நல்ல ரோட்டுக்குப் போவக் கூடாது, சந்துலயே விடுங்க.”

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். முதுநகர்ச் சந்துகளில் பள்ளத்துக்கா குறைச்சல்? முதல் பள்ளத்தில் இறங்கி ஏறினோம். கீச். பாய் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு பள்ளம். கீச், கீச்.

“யா அல்லாஹ். வருதே மேடம்!”

“எங்க வருது?” என்றார் மாஸ்டர்.

“லெப்ட்டுல சார். கீழ. பால் ஜாயிண்ட்டா இருக்கும். திருப்புங்க, ஷெட்டுக்குத் திருப்புங்க.”

நெம்பச் சொல்லு

அப்படித்தான் அன்றைக்கு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். சக்கரம் கழற்றி, கம்பி கொடுத்து நெம்பி, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து மாஸ்டர் குந்தியிருந்தார். “கேக்குதா சார்?” என்று பாய் கேட்டார்.

“ஒண்ணும் கேக்கலயே” என்றார் அவர். மைதானத்துக் குரலில்.

பாய் ஷெட் ஆளுக்குக் கண் காட்டினார். அவர் இன்னும் பலமாக நெம்பினார். கீச். கீச். பக்கத்து டீக்கடையில் நின்றவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“எங்க பாய், நெம்பச் சொல்லு.”

“நெம்பிகிட்டுத்தான் சார் இருக்கான்.”

ஷெட் ஆள் கம்பியை விட்டுவிட்டார். மாஸ்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாயைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மைதானத்தில் ஐந்நூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் நிற்க வைக்கிற மனிதர். அன்றைக்கு அந்தக் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தேன்.

“அது அப்பிடித்தான் சார், பழக்கம் இல்லாதவங்களுக்குப் பிடிபடாது” என்று சொல்லி பாய் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர் என்று சும்மாவா சொன்னேன்?

கழற்றி எடுத்த பால் ஜாயிண்ட்டைப் பாய் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சக்கரத்தையும் கீழே இருக்கும் இரும்புக் கையையும் பிடித்துவைக்கிற மூட்டு அது. நம் தோள் மூட்டு மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும். மேலே இருந்த ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீர் இறங்கி, கிரீஸ் போய், உள்ளே துருவாக இருந்தது. விரலால் தொட்டால் விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

“இன்னும் ரெண்டு பள்ளம் சார். இது கழண்டுச்சுன்னா சக்கரம் வெளிப்பக்கமா மடிஞ்சிடும். அப்பறம் ஸ்டியரிங் நம்ம கையில இல்ல. பேரிங்கு மாத்தறப்பவே நான் இதப் பாத்துருக்கணும். மேடம் சொன்னாங்க, நான்தான் காதுல வாங்கல.”

மாஸ்டர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். “இந்த வண்டியிலதான் புள்ளைய ஒக்கார வெச்சி ஓட்டிகிட்டு வந்தேன்” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

சத்தம் போடுகிற வீடு

எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நானும் அன்றைக்கு என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டேன்.

பி.டி. மாஸ்டர் வீட்டில் யார் மெதுவாகப் பேசுவார்கள்? அவர் கத்துவார். அவர் கத்துவதால் நான் கத்துவேன். எங்கள் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்பதே தெருமுனை வரை கேட்கும். போன் அடித்தால் அவர் எடுக்க மாட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். விசில் வந்ததும் குக்கரை இறக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனால் பருப்பு கருகியிருக்கும். ஆம்பளை புத்தி என்று நினைத்தேன். இத்தனைக்கும் பஸ் ஹாரன் கேட்கும், இடி கேட்கும், என் குரல் கேட்கும். மெல்லிசாக, கூர்மையாக வருகிறதுதான் கேட்கவில்லை.

வண்டி ரெடியாகி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நிவிக்குப் போன் போட்டேன். சத்தம் கண்டுபிடித்தாயிற்று, மாற்றியாயிற்று, வெள்ளிக்கிழமை அப்பா வருகிறார் என்றேன். சரி என்று ஒப்புக்குச் சொன்னாள்.

“என்னாடி?”

“சத்தம் மட்டும் இல்லம்மா. அப்பாவுக்கு நான் பேசறதே புடிக்கல.”

“யாருடி சொன்னா?”

“யாரு சொல்லணும்? சிதம்பரத்துலேர்ந்து கடலூர் வரைக்கும் பேசிகிட்டு வருவேன். ம்ங்கறாரு. அவ்ளோதான். கட்டுரைப் போட்டியில எனக்கு மொதப் பரிசு கெடச்சிதுன்னு அவருகிட்டதான்மா மொதல்ல சொன்னேன், ஒங்கிட்டகூட அப்பறம்தான். அதுக்கும் ம்னாரு. எனக்கு அழுவையே வந்துடுச்சு. அதுக்கு மேல எதுக்கு வரணும்னு இருந்துச்சு.”

போனை வைத்தேன். அந்தப் பயணங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பின் சீட்டில் அந்த மெல்லிய குரல். முன்னால் இவருடைய ம். நானும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்!

இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிட்டப் போய் முகத்துக்கு நேரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை. கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“எம்மவ பரிசு வாங்குனாளா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை தண்ணீர்த் தொட்டி கழுவுகிற சாக்கெல்லாம் இல்லை, வாசலிலேயே நின்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

கண்ணாடி அறை

அந்த வெள்ளிக்கிழமை சிதம்பரம் போகவில்லை, காது டாக்டரிடம் போனோம். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் சில தடவை அழுத்தினார். அப்புறம் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். வெளியே இருந்து பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பரிசோதித்த பெண், “சார் என்னா வேலை பாக்கறாரு?” என்று என்னிடம் கேட்டார். பி.டி. மாஸ்டர் என்றேன். “விசில் ஊதுவாரா?” என்றார். ஊதுவாராவா! விசில் இல்லாமல் எங்கள் கல்யாண போட்டோவில் மட்டும்தான் இருக்கிறார். இத்தனை வருஷ விசில் காதுக்குள் அந்த மெல்லிசுச் சத்தங்களை மட்டும் தின்றிருக்கலாம் என்று விளக்கினார். போனது திரும்பாது, ஆனால் மெஷின் வைத்தால் கேட்கும் என்றார்.

மெஷின் வந்தது. முதல் வாரம் வீட்டில் இருக்க முடியவில்லை. “பேப்பர ஏன் இப்டி திருப்பற?”, “அந்த வளையலக் கழட்டி வெய்யேன்”, “இந்த பிரிட்ஜு எப்பலேர்ந்து இப்பிடி அழுவுது?” என்று எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தார். “இவ்ளோ சத்தத்துலயா மனுசன் இருக்குறான்?” என்று கேட்டார். கழற்றி வைத்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். வைக்கவில்லை. மைதானத்துக்கும் மாட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “கடைசி வரிசையில நல்லாத்தான் பேசுதுங்க, கேக்கத்தான் சகிக்கல” என்றார்.

நிவியிடம் நான் சொல்லவில்லை. அவரே ஸ்பீக்கரில் போன் போட்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பாவுக்குக் காது கேக்கலம்மா. நீ பேசுனது எதுவும் கேக்கல. வேணும்னு பண்ணலம்மா.”

அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கு இங்கே கேட்டது. அவருக்கும் கேட்டது. “அழுவாத, அழுவாத, கேக்குது இப்ப” என்றார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டி

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நானும் போனேன். ஹாஸ்டல் வாசலில் நிவி வந்து அப்பாவின் காதைத் திருப்பிப் பார்த்தாள். “தெரியவே இல்லப்பா” என்றாள். பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பின் சீட்டில் வழக்கம்போலச் சம்மணம் போட்டாள்.

சிதம்பரம் தாண்டும் வரை வண்டிக்குள் யாரும் பேசவில்லை. அவளுக்குக் கூச்சம். இவருக்கு அதைவிடக் கூச்சம். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள். ரூமில் புதிதாக வந்திருக்கும் பெண்ணைப் பற்றி, மெஸ் சாம்பாரைப் பற்றி, ஒரு பரீட்சை கஷ்டமாக இருந்ததைப் பற்றி. அதே குரல். சத்தத்தை ஒரு பிடிகூட ஏற்றவில்லை. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ம் என்றுகூடச் சொல்லவில்லை அவர். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

புதுச்சத்திரத்துக்கு முன்னால், இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, வண்டியைச் சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். எனக்குத் திக்கென்றது.

“என்னங்க, திரும்பவும் சத்தமா?”

“இல்ல.” கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்தார். “எப்பவுமே இப்பிடித்தான் பேசிகிட்டு வருவாளா?”

“ஆமாங்க.”

“இவ்ளோவுமா?”

“இவ்ளோவும்.”

சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முழுசாகப் பின்னால் திரும்பினார்.

“நிவி, ஒன்ன மொத நாளு ஹாஸ்டல்ல வுட்டுட்டு வந்தேன் இல்ல? அதுலேர்ந்து சொல்லு.”

“எதப்பா?”

“எல்லாத்தயும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்தார். நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. நாங்கள் கடலூர் வந்து சேர்ந்தபோது கடைகளில் விளக்குப் போட்டு வெகு நேரம் ஆகியிருந்தது. நிவி அப்போதுதான் முதல் வருஷத்தைச் சொல்லி முடித்திருந்தாள்.